நோட்டில் எழுதாத பயிற்சி

அவளுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. பெற்ற பிள்ளைக்கு நாலு நாள் யோசித்து, கணவனோடு மல்லுக்கு நின்று, வாய் நிறைய ஒரு பெயர் வைத்திருந்தாள். அது பிறப்புச் சான்றிதழில் தூங்குகிறது. வீட்டில், மாடிப்படியில், தெரபி சென்டரில், எல்லோருக்கும் அவன் 'பஞ்சு'. வைத்தது அண்ணி. கணவனின் அக்கா.

பஞ்சு என்பதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆன பிள்ளையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி நழுவினான். உட்கார வைத்தால் முதுகு வளைந்து மூக்கு முழங்காலைத் தொடும். தசையில் இருக்க வேண்டிய இறுக்கம் குறைவு, புத்திக்கு ஒன்றும் இல்லை, பயிற்சி கொடுத்தால் நடப்பான், ஆனால் அவசரப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். யார் பயிற்சி கொடுப்பது என்று வந்தபோதுதான் வீட்டில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக ஆறரைக்கே திறந்தாக வேண்டும். மதியம் வந்து மூன்றரைக்குத் திரும்பப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு. அவள் பரம்பரையில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். அந்த வேலையை விட்டுவிடேன் என்று கணவன் ஒருமுறை மெல்ல ஆரம்பித்தான். நீ விடேன் என்றாள். அதோடு அந்தப் பேச்சு செத்தது.

அப்போதுதான் அண்ணி ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம், பிள்ளை குட்டி இல்லை, எட்டாவதோடு படிப்பு முடிந்தது. வந்த மறுநாளே பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இறக்கவே இல்லை.

உன் நாத்தனார் மாதிரி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னாள். லேபில் கூட வேலை பார்க்கிறவளும் அதையே சொன்னாள். கொடுத்து வைத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கைம்மாறு செய்ய முடியாத உதவியைப் போல மனுஷியை அரிக்கிற வியாதி வேறு இல்லை. திட்ட வழியில்லை, சண்டைக்குக் காரணம் இல்லை. அண்ணி நல்லவள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு சென்டர். மற்ற நாட்களில் அதே பத்து மணிக்கு வீட்டில். தெரபி மேடம் ஒரு நோட்டு கொடுத்திருந்தாள். வீட்டில் என்ன செய்தாலும், எத்தனை தடவை செய்தாலும், அதில் எழுதியாக வேண்டும். எழுதாத பயிற்சி செய்யாத பயிற்சி என்பாள். அண்ணி குண்டு குண்டு எழுத்தில் எழுதுவாள்: பந்து மேல் உட்கார்ந்தான். தலையணை தாண்டினான். குட்டி ஸ்டூலில் இருந்து எழ முயற்சி, ஆறு தடவை. ஆறுக்கு மேல் கூடாது. வாய் திறந்து எச்சில் வழிந்தால் ஆறு ஆவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், உடம்பு களைத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஸ்டூல் பயிற்சிதான் முக்கியம். பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார வைத்து, எதிரே பொம்மையைக் கொஞ்சம் உயரத்தில் காட்ட வேண்டும். பிள்ளை முன்னால் சாய்ந்து, காலை ஊன்றி, தானாக எழ வேண்டும். தூக்கிவிடக் கூடாது. அண்ணி தினமும் அதை போனில் படம் பிடித்து அனுப்புவாள். லேபில் ஊசி குத்தி, குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அவள் அதைப் பார்ப்பாள். படத்தில் அண்ணியின் குரல் மட்டும் வரும். எழுந்திரு ராசா, எழுந்திரு பஞ்சு, அத்தைக்கு எழுந்திரு. பிள்ளை பாதி எழுவான். தொப்பென்று உட்காருவான். அண்ணி கை தட்டுவாள். அவன் கெக்கெக்கென்று சிரிப்பான். அத்தைக்கு எழுந்திருவாமே. ஏன், அம்மாவுக்கு எழுந்தால் கால் முறிந்துவிடுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்டூலைப் போட்டாள். பிள்ளை அவளைத் தாண்டி அடுப்படியைப் பார்த்தான். அங்கே அண்ணி ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் பொம்மையை ஆட்டியும் பிட்டம் அசையவில்லை. அண்ணி கையைத் துடைத்தபடி வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான், பிள்ளை முன்னால் சாய்ந்தான்.

"பழக்கம்தாம்மா. நீ மனசுல வச்சுக்காத," என்றாள் அண்ணி. வேறு எங்கே வைப்பதாம்?

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்தது. அண்ணி ஹாலில் தூங்கிக்கொண்டிருக்க, அவள் எழுந்து படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். கணவன் வீடே இடிந்து விழுந்தாலும் செங்கல்லைத் தள்ளிவிட்டுப் புரண்டு படுக்கிற ஆள், அவனைப் பற்றிக் கவலையில்லை. ஸ்டூல் ஹாலில் இருந்ததால் பிள்ளையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்தாள். முழங்கால் சரியாக மடங்குகிறதா என்று பார்த்தாள். அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைச் சரி செய்தாள். டார்ச்சை அலமாரிக் கதவில் அடித்து வெளிச்சத்தை மேலே நகர்த்தினாள். பிள்ளை கண்ணைக் கசக்கினான். சிணுங்கினான். பிறகு வெளிச்சத்தைப் பிடிக்க முன்னால் சாய்ந்தான்.

பார்க்க வேறு யாரும் இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன். ஆறு தடவை முடிந்தபோது நிறுத்த மனசு வரவில்லை. ஆறு அண்ணியின் கணக்கு. பத்து செய்தாள். அடுத்த வாரம் பதினைந்து, பிறகு இருபது. எச்சில் வழிந்தது. தூக்கக் கலக்கத்தில் வழிகிறது என்று துடைத்துவிட்டாள். ஆறு மணிக்குப் பிள்ளையைத் திரும்பப் படுக்கப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலை சீவிக்கொண்டு வேலைக்குப் போனாள். நோட்டைத் தொடவில்லை.

பதினைந்தாம் நாள் அவன் எழுந்தான். பாதி இல்லை, முழுசாக. முழங்கால் வெடவெடவென்று ஆடியது, வயிறு முன்னால் தள்ளியது, ஆனாலும் நின்றான். அவள் எட்டு எண்ணினாள். கத்தாமல் இருக்கத் தன் புறங்கையைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு லேபில் பயந்தாங்கொள்ளி ஆசாமிக்குக்கூட வலிக்காமல் ரத்தம் எடுத்தாள். யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அண்ணிக்குத் தெரியும், தெரிந்தால் அதுவும் பொதுச்சொத்தாகிவிடும்.

அன்று இரவு அண்ணி சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தாள். சென்டரில் பிள்ளை ஒரு தடவைகூட எழவில்லை, பந்து மேல் படுத்தே தூங்கிவிட்டான் என்றாள். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கமும் வந்தது, ஆனால் பால்தான் முதலில் வந்தது. ஐயோ பாவம் அண்ணி, நாளைக்கு எழுவான் என்று ஆறுதல் வேறு சொன்னாள். அடுத்த நாளும் இல்லை. அண்ணி படம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் தெரபி மேடமே லேபுக்கு போன் செய்தாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வரச் சொன்னாள். என்ன விஷயம் என்றதற்கு, நேரில் பேசலாம் என்றாள்.

தெரபி அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. தரையில் நீலப் பாய், மூலையில் ஆள் உயரப் பந்து. மேடத்துக்கு அவள் வயதுதான் இருக்கும், முகத்தில் மட்டும் பத்து வருஷம் கூடுதல் கண்டிப்பு. பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கையையும் பிடித்து மெல்ல இழுத்தாள். உடம்பு வந்தது. தலை பின்னாலேயே தொங்கியது.

"ஒரு மாசம் முன்னாடி தலையும் சேர்ந்து வந்துச்சு," என்றாள் மேடம். "கத்துக்கறது எவ்வளவு மெதுவா வேணா வரலாம், எனக்குக் கவலை இல்ல. ஆனா வந்தது திரும்பிப் போகக் கூடாது. போனா இது நாம நினைக்கிற பிரச்சினை இல்ல, வேற ஏதோ."

வேற ஏதோ என்றால் என்னவென்று அவள் கேட்டாள். மேடம் சுற்றி வளைக்கவில்லை. தசை நாளுக்கு நாள் நலிந்துகொண்டே போகிற நோய்கள் உண்டு, நரம்பு டாக்டருக்குக் கடிதம் கொடுக்கிறேன் என்றாள். ரத்தம் எடுப்பார்கள். தசைக்குள் ஊசி ஏற்றிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் தொடையில் கத்தி வைத்துத் துளி தசை எடுப்பார்கள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி வந்த பிள்ளைகளின் கையை அவளே அமுக்கிப் பிடித்திருக்கிறாள். அந்த அலறலுக்குக் காதை மூடிக்கொள்ளக்கூடக் கை மிச்சம் இருக்காது.

மேடம் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கமாக அண்ணியிடம் கேட்டாள். எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, இதைத் தவிர வேறு ஏதாவது. அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று பதில் சொன்னாள். வீட்டில் எதுவும் மாறவில்லையே என்று மேடம் மூன்றாம் முறை கேட்டபோது அண்ணியின் குரல் உடைந்தது.

"எதுவும் மாறல மேடம். என் கைதான் சரியில்லயோ என்னவோ. படிச்சவங்க யாராவது செஞ்சா நல்லா வருவானோ. நான் வேணா விலகிக்கறேன்."

அவள் எத்தனை மாதமாக ஏங்கிய வார்த்தை அது. கேட்காமலே அண்ணி தட்டில் வைத்து நீட்டுகிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அண்ணி பெட்டியைக் கட்டுவாள். விடிகாலைப் பயிற்சியைத் தானே குறைத்துக்கொள்ளலாம். பிள்ளை தேறுவான். அம்மா கை பட்டதும் தேறிவிட்டான் என்று அந்த டீச்சரே சொல்வாள். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப் போகிறார். நடுவில் கொஞ்சம் ஊசி. கொஞ்சம் கத்தி. இவ்வளவையும் ஒரு மூச்சில் யோசித்து முடித்துவிட்டாள், அவ்வளவு வேகமான மூளை. மேடம் கடிதத்தில் பிள்ளையின் பெயரை எழுத ஆரம்பித்திருந்தாள். யாரும் கூப்பிடாத அந்த முழுப் பெயரை.

"காலைல நான் செய்யறேன் மேடம்."

மேடத்தின் பேனா நின்றது. "என்ன செய்யறீங்க?"

"ஸ்டூல் பயிற்சி. அஞ்சு மணிக்கு. இருபது தடவ."

"தினமுமா?"

"மூணு வாரமா."

மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இருபது தடவை என்பது அந்த உடம்புக்கு மலையேற்றம், அதுவும் தூக்கத்தைப் பறித்துக்கொண்டு, அதற்கு மேல் பத்து மணிக்கு அடுத்த சுற்று, பிள்ளை எங்கிருந்து தலையைத் தூக்குவான் என்று கேட்டாள். ஒருநாள் எழுதியிருந்தால்கூடப் பிடித்திருப்பேன் என்றாள். ரத்தம் எடுக்கிற நீங்கள் குழாயில் பெயர் ஒட்டாமல் அனுப்புவீர்களா என்றாள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதிலும் அவளே இருந்தாள்.

"அவன் எழறான் மேடம்," என்றாள். இதைச் சொல்லாமல் விட அவளால் முடியவில்லை. "முழுசா எழுந்து நிக்கறான். எட்டு எண்ணுற வரைக்கும்."

அண்ணி சட்டென்று திரும்பினாள். கன்னத்தில் இன்னும் ஈரம். "எழுந்தானா? எப்ப?"

"போன வாரம்."

"எங்கிட்ட ஒரு நாள்கூட எழலயே," என்றாள் அண்ணி. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் தன் வயிற்றுக்குள் கேட்ட அதே குரல், இப்போது அடுத்தவள் தொண்டையில்.

மேடம் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேஜைக்குள் வைத்தாள். ஐந்து நாள் எந்தப் பயிற்சியும் கிடையாது, பிள்ளை தூங்கட்டும். அதற்குப் பிறகு ஸ்டூல் பயிற்சி நாளுக்கு ஒரு வேளைதான், ஐந்து தடவை. அதுவும் அம்மா வீட்டில் இருக்கும் மதியத்தில். பந்தும் தலையணையும் அத்தைக்கு. பத்தாம் நாள் தலை சேர்ந்து வந்தால் கடிதம் வேண்டாம், வராவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ரெண்டு பேரும் ஒரே நோட்டுல எழுதுங்க என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. பிள்ளை அண்ணி தோளில் சரிந்து தூங்கினான். அவள் பையைச் சுமந்தாள்.

"சொந்த வீட்டுலயே திருடி மாதிரி கன்னம் வச்சிருக்க," என்றாள் அண்ணி, ரோட்டைப் பார்த்தபடி. "நான் பைத்தியக்காரி மாதிரி என் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன். ஐயோ பாவம் அண்ணின்னு ஆறுதல் வேற சொன்ன."

"தப்புதான் அண்ணி."

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"என் புள்ளைய நான் கேட்டு வாங்கணுமா?"

இரண்டு பஸ் போனது, இரண்டும் அவர்களுடையது இல்லை. பிள்ளையின் வாயோரம் வழிந்ததை அண்ணி விரலால் துடைத்து, அந்த விரலைத் தன் உடையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு, கேட்க மனமில்லாதவள் கேட்கிற மாதிரி கேட்டாள். எப்படி எழுந்தான், கையை எங்கே ஊன்றினான், எந்தக் கால் முதலில்? அவள் சொன்னாள். வலது கால் என்றாள். கையை ஊன்றவே இல்லை, வெளிச்சத்தைப் பிடிக்க நீட்டியபடியே எழுந்தான் என்றாள். முழங்கால் ஆடியதை, வயிறு தள்ளியதை, எட்டு எண்ணியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணி வாயைப் பிளந்து கேட்டாள். ஒரு தடவை சிரித்தும்விட்டாள்.

"நின்னதும் உன்னப் பாத்து சிரிச்சிருப்பானே?"

பஸ் வந்தது. அவள் பையை மறு தோளுக்கு மாற்றினாள். எழுந்து நின்றவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சாத்தியிருந்த கதவையே பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். கைதட்டல் வரும் வரும் என்று அவன் காத்திருந்தான். அந்த எட்டு எண்ணிக்கையும் அவன் அப்படித்தான் நின்றான்.

"ஆமா அண்ணி," என்றாள். "என்னைத்தான் பாத்தான்."