ஸ்யாமளாவின் கண்

கோச்சடையில் ஸ்யாமளாவைப் போல அடக்கமான பெண் கிடையாது என்று ஊரே சொன்னது. பத்தொன்பது வயதாகியும் தலை நிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லையாம். விஸ்வேஸ்வரக் குருக்கள் பெண்ணை எப்படி வளர்த்திருக்கிறார் பாருங்கள் என்று மெச்சிக்கொண்டார்கள். அட போங்கய்யா! அந்தப் பெண் பயத்தில் குனிந்து நடந்தாள்.

எதையாவது பார்த்து, மனசு நிறைந்து, 'என்ன அழகு' என்று அவள் நினைத்துவிட்டால் போதும், அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் அது செத்துப்போகும். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டால் தீர்ந்துபோகிற கண்ணேறு இல்லை இது. முதலில் கொல்லையிலிருந்த கன்றுக்குட்டி போயிற்று. அடுத்து ஜானு சித்தியின் கைக்குழந்தை. கன்னத்தில் மைப்பொட்டு வைத்திருந்தும் போயிற்று. அன்றைக்கு அம்மா பாலாம்பாள் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, "இனிமே தரையத் தவிர எதையும் பாக்காதேடி" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவள் பெண்ணின் காலைப் பிடிப்பதென்றால் சும்மாவா?

அப்படிப்பட்டவளுக்குக் காதல் வேறு வந்து தொலைத்தது.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற டவுன் பஸ்ஸில், கடைசி லேடீஸ் சீட்டில் அவள் உட்காருவாள். அதற்குப் பின் சீட்டில் பேச்சிமுத்து. கப்பலூரில் லேத் பட்டறை வேலை. அவன் அம்மா சுந்தரம்மாள் குருக்கள் வீட்டு வயலில் நாற்று நடுகிறவள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட வாசலுக்கு வெளியே கையேந்தி நிற்க வேண்டியவள். விஷயம் வெளியே தெரிந்தால் அவனை வெட்டிப்போடவும் அவர்கள் தெருவைக் கொளுத்தவும் ஊரில் ஆள் உண்டு. அது போதாதென்று இவளுடைய கண்.

ஒரு வருஷமாக அவன் அவளுடைய பின்னலோடுதான் பேசினான். அந்தக் குரலுக்கு என்ன முகம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். காரணத்தைச் சொன்னபோது முதலில் சிரித்தான். சித்தி குழந்தையின் கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்ப கல்யாணம் முடிச்ச பெறகும் என் மூஞ்சியப் பாக்க மாட்டீகளா?"

"மாட்டேன். நேக்கு நீங்க உசிரோட வேணும்."

"இதென்னங்க கொடுமையா இருக்கு! என் மூஞ்சி ஒண்ணும் அம்புட்டு லட்சணமில்ல. தைரியமாப் பாருங்க."

"பேசாம வாங்கோ" என்று அதட்டினாள். உள்ளுக்குள் ஆசை கிடந்து அடித்துக்கொண்டது.

மாசி மாசம். உசிலம்பட்டியில் அக்கா வீட்டு விசேஷம், ரெண்டு நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் போயிருந்தான். அதனால்தான் அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் அசந்துவிட்டாள். அரசரடியில் பஸ் மக்கர் பண்ணி நின்றது. ஆம்பளைகளெல்லாம் இறங்கித் தள்ளுங்கப்பா என்று கண்டக்டர் கத்தினார். வெளியே ஒரே சிரிப்பும் கூச்சலும். என்ன கூத்து என்று தலையைத் தூக்கினாள்.

ஒரு கிழவியின் கூடை கவிழ்ந்து தக்காளி ரோடெல்லாம் உருண்டுகொண்டிருந்தது. பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்த ஒருத்தன், மற்றவர்கள் திட்டத் திட்ட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி ஓடிப் பொறுக்கினான். ஒரு மாட்டுவண்டியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சக்கரத்தடியில் கிடந்ததையும் எடுத்துக் கிழவி மடியில் போட்டுச் சிரித்தான். ஸ்யாமளாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. என்ன அழகு!

அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. ஐயோ ஈஸ்வரா, யார் பெத்த பிள்ளையோ! முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வண்டி உறுமிக் கிளம்பியது. ஓடிவந்து தொற்றிக்கொண்ட யாரோ மூச்சு வாங்கியபடி பின் சீட்டில் விழுந்தார்கள்.

"விசேஷம் நேத்தே முடிஞ்சிருச்சுங்க. இருக்க முடியாம ஓடியாந்துட்டேன். அரசரடியில வந்து எறங்கினா நம்ம பஸ்ஸே நின்னு கெடக்கு."

அந்தக் குரல்தான்.

"தக்காளி பொறுக்கினது... நீங்களா?"

"ஆமா. ஏன்... பாத்துட்டீகளா?" அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம். "எனக்குத்தான் ஒண்ணும் ஆவலையே!"

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இனிப் பார்க்காமலிருந்து என்ன ஆகப்போகிறது? முழுசாகத் திரும்பி, அவன் முகத்தில் ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று வெறிபிடித்தவளாகத் தேடினாள். அம்மைத் தழும்பு இருந்தது. ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. எதுவும் அவளுக்கு உதவவில்லை.

"மூஞ்சியக் கோணிக்கோங்கோ" என்று கெஞ்சினாள். "அசிங்கமா ஏதாவது பண்ணுங்கோ, சீக்கிரம்!"

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான். ஒன்றரைக் கண்ணாக்கி, நாக்கைத் துருத்தி, காதிரண்டையும் பிடித்து இழுத்துக் குரங்கு மாதிரி காட்டினான்.

அதுவும் அவளுக்கு அழகாகவே இருந்தது.