இரண்டு குதிரைக்கு ஒரு குழி

கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் கொள்ளுச் சாக்கை அவிழ்த்துச் செம்மண்ணில் கொட்டிப் பூட்ஸ் காலால் பரப்பிப் பார்த்தான். உள்ளே ஒன்றும் ஒளித்திருக்கவில்லை. வெறும் கொள்ளு. "இதுவும் சாப்பாடுதான். வெளியே போகக்கூடாது" என்றான் மலாயில். புஷ்பவள்ளி காலிச் சாக்கை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு குதிரைக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். அவள் நாலு எட்டு வைப்பதற்குள் லயத்துக் கோழிகள் ஓடிவந்து கொள்ளைப் பொறுக்க ஆரம்பித்தன.

கல்லுமேட்டு ரப்பர்த் தோட்டத்தின் கூலி லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி முள்வேலி போட்ட பிறகு இப்படித்தான். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதென்று உத்தரவு. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் வெறும் தண்ணீர்ப் போத்தலோடு போய், வெயில் ஏறித் திரும்பி வந்துதான் சோற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். குதிரைக் கொட்டகை வேலிக்கு வெளியே, துரை பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. கொள்ளும் தவிடும் வேலிக்கு உள்ளே, ஸ்டோரில் இருந்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் கேட் இருந்தது.

பழைய துரை இருந்தவரை அந்தக் குதிரைகளுக்கு வந்த வாழ்வு வேறு. துரை காலையில் சாம்பல் நிறக் குதிரையில் ஏறித் தோட்டத்தைச் சுற்றுவார். துரைசாணி சாயங்காலம் செவலையில் ஏறி ஆற்றோரம் போவாள். இரண்டுக்கும் இங்கிலீஷில் பெயர்கள் உண்டு. லயத்தில் யாருக்கும் அது வாயில் நுழையாததால் சாம்பல், செவலை என்றே ஆகிவிட்டன. குதிரைக்காரன் சன்னாசி புஷ்பவள்ளியின் புருஷன். புல் அறுப்பது அவள் வேலை, மற்றதெல்லாம் அவனுடையது. ஒரு நாள் லாடம் வாங்க வேண்டும் என்று துரையின் காரில் தொத்திக்கொண்டு கோலசிலாங்கூருக்குப் போனான். பாலத்துக்கு முந்தின வளைவில் மரம் வெட்டிப் போட்டிருந்தது. காட்டுக்காரர்கள் பதுங்கிச் சுட்டதில் துரை உட்படக் காரில் இருந்த யாரும் மிஞ்சவில்லை.

ஆள் வந்து சொன்னபோது அவள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அறுத்ததைக் கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டுபோய்க் குதிரைகளுக்குப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் பிணத்தைப் பார்க்க வந்தாள். அழவில்லை. லயத்துப் பெண்கள் இதை ரொம்ப நாள் பேசினார்கள். அவளுக்கும் அது விளங்கவில்லை. அழுகை எங்கோ வழியில் நின்றுவிட்டது போலவும், நாளைக்கு வரும் என்பது போலவும் இருந்தது. நாளைக்கும் புல் அறுக்க வேண்டியிருந்தது.

துரைசாணி கப்பல் ஏறினாள். புதிதாக வந்த துரை சின்ன வயசுக்காரர். இரும்புத் தகடு அடித்த வண்டியில்தான் எங்கேயும் போவார். குதிரைமேல் உட்கார்ந்தவன் எல்லார் தலைக்கும் மேலே தெரிவான், எந்தப் புதருக்குள் இருந்தும் சுடலாம். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும் குதிரையை ஓட்டிப்போனால்கூட வாங்குவாரில்லை. குதிரைகள் வெறும் புல்லைத் தின்று நின்றன. முதுகெலும்பு எழும்பி, தொடைச் சதை வற்றிப்போனது. வருடிக்கொடுப்பது, பேச்சுக் கொடுப்பது எல்லாம் சன்னாசி செய்த வேலை. அவள் புல்லைப் போட்டாள், சாணியை அள்ளினாள், தண்ணீர் ஊற்றினாள். செவலை சில நாள் அவள் தோளில் முகத்தை வைக்கும். அவள் நகர்ந்துகொள்வாள்.

சபாக்கிலிருந்து கறிக்கடைச் சீனன் ஒருவன் லோரியில் வந்து பார்த்துவிட்டுப் போனான். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தான், விலாவில் தட்டினான். அன்றைக்கு ஆரம்பித்தது பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது ராஃபேல் கிராணி அதைப் போட்டு உடைத்தார். அவர்தான் ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டு துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நிற்கிறவர்.

"கறிக்கடைக்காரனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு கப்பல்லேருந்து தொரைசாணி தந்தி அடிச்சிருக்கு. சுட்டுப் புதைக்கணுமாம். நான் தொரைகிட்ட சொன்னேன், நம்ம ஜனங்க கறியக் கண்ணால பாத்து எத்தன மாசமாச்சு, சுடுறதுதான் சுடுறீங்க, வெட்டிப் பங்கு வச்சுக் குடுங்கன்னு."

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் காளியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னா கிராணியாரே பேசுறீங்க? ஐயனாரு ஏறுற வாகனம்யா அது. அதை அறுத்துத் திங்கச் சொல்றீங்களா?"

"ஜப்பான்காரன் காலத்துல என்னத்த மண்டோரே நாம திங்கல? மலப்பாம்பத் திங்கல? எலியத் திங்கல?"

"அது பஞ்சம்."

"இது என்னவாம்? விருந்தா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ ஆமாம் என்றார்கள். சிலர் சாமி குத்தம் என்றார்கள். கடைசியில் எல்லாரும் புஷ்பவள்ளியைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ அவள் வீட்டுக் குதிரை மாதிரி. "நீ என்னாம்மா சொல்ற?" என்றார் ராஃபேல்.

"நான் சொல்லி என்னா ஆவப்போவுது ஐயா? எனக்கு அரிசிய அளந்து விடுங்க, போறேன்."

அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. ஜப்பான் காலத்தில் அவளுடைய ஒரே பிள்ளை மரவள்ளிக்கிழங்குக் கஞ்சியைக் குடித்துக் குடித்து வயிறு உப்பிச் செத்தது. அப்போது இந்தக் கொட்டகையில் வேறு ஒரு குதிரை இருந்தது. ஜப்பான்காரர்கள் அதை வெட்டித் தின்றுவிட்டுக் குடலையும் தோலையும் ஆற்றில் எறிந்தார்கள். சன்னாசி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்தக் குடலை எடுத்துவந்தான். அவள்தான் கழுவி ஆக்கினாள். பிள்ளைக்கு உள்ளே இறங்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று இப்போதும் தோன்றவில்லை.

பேச்சை முடித்துவைத்தது போலீஸ். கறி வெளியில் கிடந்தால் காட்டுக்குப் போகும், பங்கு வைத்தாலும் காட்டுக்குப் போகும். ஆழமாகக் குழி வெட்டி, சுட்டுத் தள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி மூட வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். பால்வெட்டு ஆட்களே குழி வெட்டினார்கள். சன்னாசிக்குக் குழி வெட்டினவர்களும் அவர்கள்தான். குழியை எட்டிப் பார்த்த புஷ்பவள்ளிக்கு இது அவனுடையதைவிட ஆழம் என்று தோன்றியது. அவனைப் புதைத்த அன்றைக்கு மழை. தண்ணீர் ஊறிவிடும் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

வேறு யார் கைக்கும் குதிரைகள் அடங்காது என்பதால் அவளே பிடித்துக்கொண்டு போனாள். காலை வெயில் இன்னும் சுடவில்லை. அதிகாரி தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாம்பலின் நெற்றியைத் தடவி, அதன் காதோரம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவ்வளவு கனிவாக அந்த ஆள் பேசி அவள் கேட்டதில்லை. பிறகு சுட்டார். சாம்பல் முன்னங்காலை மடக்கிப் படுப்பது போலப் படுத்தது. செவலை பின்னங்காலில் எழும்பியது. கயிறு கையை விட்டுப் போனதா, கை கயிற்றை விட்டதா என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. பார்க்கும்போது கை விரிந்திருந்தது. செவலை பாரிட் வாய்க்காலைத் தாண்டி, பழைய ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்து, சதுப்புப் பக்கம் மறைந்துபோனது. பின்னால் இரண்டு மூன்று வெடிச் சத்தம் கேட்டது. பட்டதாகத் தெரியவில்லை.

ஆபீஸில் அவளை நிற்க வைத்துக் கேட்டார்கள். ராஃபேல் கிராணி மொழிபெயர்த்தார்.

"நீ வேணும்னே விட்டியான்னு கேக்குறாரு."

"தெரியல ஐயா."

ராஃபேல் அதை இங்கிலீஷில் சொன்னார். அவள் சொன்னதைவிட அது ரொம்ப நீளமாக இருந்தது. அதிகாரி அவள் உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். கயிறு உரசின சிராய்ப்பு எதுவும் இல்லை; இழுத்துப் பிடித்திருந்தால் இருந்திருக்கும். அவளைப் போகச் சொன்னார். குதிரை உயிரோடோ பிணமாகவோ கிடைக்கும்வரை லயத்துக்கு அரிசி பாதிதான் என்று அதற்குப் பிறகு சொன்னார்.

லயம் அவளை ஒதுக்கிவிட்டது. தண்ணீர்ப் பைப்படிக்கு அவள் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "புருசன் செத்தப்ப அழாதவளுக்குக் குதிர மேல எரக்கம் வந்துருச்சாம்" என்று யாரோ சொல்ல, அவள் நீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எரக்கமா? அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் அகப்படவில்லை. கொட்டகையைப் பிரித்துக் கொளுத்தினார்கள். அவளுக்குப் புல்லறுக்கும் வேலையும் போயிற்று. பால்வெட்டில் சேர்த்துக்கொள்ளும்படி ராஃபேல் எழுதிக்கொடுத்தார். பசி மட்டும் தெரிந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த அதே பசி.

ஒரு நாள் மத்தியானம், அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மண்டோர் பெண்சாதி காளியம்மா உள்ளே வந்தாள். குதிரை ஓடின நாளிலிருந்து அந்த வாசற்படியை மிதித்தவர் யாருமில்லை. முந்தானையில் மூடியிருந்த வட்டிலை இறக்கி வைத்தாள். மிளகாயும் மல்லியும் கொதித்த வாசம் அறைக்குள் நிறைந்தது.

"எங்கேருந்து அக்கா?"

"பால் வாளியில வந்துச்சு. வெளிய போறதத்தானே தடவுறானுங்க. உள்ள வர்றத எவன் பாக்குறான்?" காளியம்மா குரலைத் தாழ்த்தினாள். "செவல சதுப்புல கழுத்து வரைக்கும் பொதஞ்சு கெடந்துச்சாம். ஆளுக பாத்துட்டு வந்து இவருகிட்டதான் சொன்னாங்க. நாளைக்கு எலும்பக் காட்டி, புலி அடிச்சிருச்சுன்னு சொல்லிருவாங்க. அரிசியும் திரும்பி வந்துரும்லா."

"உசுரு இருந்துச்சா?"

காளியம்மா வட்டிலை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளினாள்.

"இருந்துச்சாம். இவருதான் வெட்டுனது. மத்தவனுக கைய வைக்க மாட்டேன்னுட்டானுங்க. வந்ததுலேருந்து பொறவாசல்ல குந்திக்கிட்டு இருக்காரு. சாப்பிடக் கூப்புட்டாலும் திரும்பல." எழுந்து, வாசலில் நின்று சொன்னாள். "நீ சாப்புடு புள்ள. ஒனக்குத்தான் மொதல்ல எடுத்து வச்சேன்."

அவள் போன பிறகு புஷ்பவள்ளி வட்டிலின் முன் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கறி நார்நாராக இருந்தது, மெல்ல நேரம் பிடித்தது. வேண்டாம் என்று தோன்றுமோ என்று காத்திருந்தாள். தோன்றவில்லை. உப்புக் கொஞ்சம் குறைவு என்று தோன்றியது. எழுந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. லயத்தில் எந்த வீட்டிலும் கறி ஆகாது. மாதா படம் மாட்டின ராஃபேல் கிராணி வீட்டிலும் ஆகாது. அவள் வட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எல்லாக் கூரையிலிருந்தும் புகை எழுந்துகொண்டிருந்தது, கிராணி வீட்டிலிருந்தும். பிள்ளைகளின் சத்தம்கூட இல்லை. வேலியோரக் காவல் கோபுரத்தின் மேலிருந்த காவல்காரன் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துவிட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வேலிக்கு அப்பால், தோட்டத்து நாய்கள் எங்கிருந்தோ ஒவ்வொன்றாக வந்து கம்பியோரம் வரிசையாகக் குந்தியிருந்தன. குரைக்கவில்லை. வாலும் ஆடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் அவற்றைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள்.