என் அக்கா பெயரில் விழுந்த மான்கள்

அன்று பனி பெய்ததா என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. என் நினைவில் பெய்கிறது. பக்கத்து வீட்டு ஹில்மா கடைசிவரை இல்லை என்றே சாதித்தாள். தரை காய்ந்து கிடந்தது, தன் டிராக்டர் சக்கரத்தில் ஈரம்கூட ஒட்டவில்லை என்பாள். அவள் சொன்னதே சரியாக இருக்கலாம். ஒரே ஒரு காட்சிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவன் அதை முன்கூட்டியே பல விதமாகப் பார்த்து வைத்திருப்பான். அப்படிப் பார்த்த ஏதோ ஒன்றில் பெய்த பனி, நடந்ததன் மீதும் படிந்திருக்கும். ஆனால் அன்று பேசிய பேச்சில் ஒரு சொல்லும் மாறவில்லை.

எங்கள் காடு மரக் கம்பெனிக்குச் சொந்தம். லைசென்ஸ் வைத்திருப்பவர் எவரும் அதில் வேட்டையாடலாம். இருந்தாலும் மிச்சிகனின் இந்த வடகோடியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஆள் உண்டு. நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள். அன்று விடியும்போது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த இடம் அவருடையது. ஒரு வருடம் அவர் வராமல் போனால், அடுத்து முதலில் வந்து உட்காருகிறவருக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தைக் கூசாமல் மீறுகிறவர்கள்கூட இதை மீறமாட்டார்கள்.

என் இடம் தேவதாருச் சதுப்பின் ஓரத்தில், இரண்டு ஓடைகள் சேருமிடத்தில் இருந்தது. அப்பாவுக்குப் பின் நான் அங்கே உட்கார்ந்தேன். குளிர் இறங்கியதும் மேட்டிலிருந்து வரும் மான்கள் அந்த வழியாகத்தான் சதுப்புக்குள் போகும்.

"உனக்கு மட்டும் எப்படி மச்சான் மான் தானா வந்து நிக்குது?" என்று ரூடி கேட்பான். ரூடி என் அக்கா ஐலியின் கணவன். சிரித்துக்கொண்டுதான் கேட்பான். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

இரும்புச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில், மார்ச் மாதம், ஒரு பெண் மானைச் சுட்டேன். வேட்டைக் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சாப்பிட்டார்கள். கொட்டகைப் பரண்மேல் அதைத் தூக்கிக் கட்டியபோது பின்னங்காலைப் பிடித்தவன் ரூடி. பாதி இறைச்சி அவன் வீட்டுக்குப் போனது. அதை அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், ரேஞ்சர் டூலி என் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குள் நுழையவில்லை, தேடவுமில்லை. "ஒரு ஏணி குடு அர்வோ" என்று மட்டும் கேட்டார்.

சில நாள் சிறை, அபராதம், மூன்று வேட்டைக் காலத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அந்த நவம்பரில் என் இடத்தில் ரூடி உட்கார்ந்தான்.

"சும்மாதானே கிடக்குது மச்சான்," என்றான். "எவனோ வெளியூர்க்காரன் வந்து உக்காந்தா உனக்கு மனசு கேக்குமா? நம்ம குடும்பத்துலயே இருக்கட்டும்."

ரூடிக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு கொம்பு மான்தான். லைசென்ஸோடு வரும் சீட்டை, சுட்ட மானை நகர்த்தும் முன்பே அதன்மேல் கட்டிவிட வேண்டும். அவன் ஒவ்வொரு வருடமும் தன் பெயரில் ஒன்றும் ஐலி பெயரில் ஒன்றுமாக இரண்டு வாங்குவான். அவள் கையெழுத்தையும் அவனே போடுவான். முதல் மானுக்குத் தன் சீட்டு, அடுத்ததற்கு அவளுடையது. பார் வாசலில் நீளமான கம்பம் கட்டி எல்லோருடைய மானையும் தொங்கவிடுவார்கள். அங்கே வண்டியை நிறுத்தி அவன் கத்துவான்: "இது எங்க வீட்டம்மா சுட்டது! அடுப்படி ஜன்னல் வழியாவே போட்டுத் தள்ளிட்டா!"

எல்லோரும் சிரிப்பார்கள். துப்பாக்கியையே தொட்டிராத என் அக்கா, காகிதத்தில் ஊரின் சிறந்த வேட்டைக்காரி.

என் இடத்தை அவன் எடுத்துக்கொண்ட அந்த முதல் வருடம், டூலி சிரிக்கவில்லை. ஐலியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு வந்தாள்.

"இத நீங்களாம்மா சுட்டீங்க?"

"ஆமா சார்."

"எந்தத் துப்பாக்கி?"

"அவரோடது."

"எங்க பட்டுச்சு?"

அவள் மானைப் பார்த்தாள். "அதோ, ரத்தம் இருக்கற எடத்துல."

கம்பத்தடியில் வெடித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஐலி கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டே திரும்பி நடந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஹில்மா அவளிடம் வந்து பேசினாள். அப்போது எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. ஒருவர் பேசினால் மற்றவர் எடுத்துக் கேட்கலாம். "ரொம்ப நாளா நெஞ்சுல வெச்சிருக்கேன்டி," என்றாளாம். "உன் வீட்டுக்காரன் ரேஞ்சர்கிட்ட பேசினான். 'பரண்ல இருக்கு சார், ஏணி வெச்சு ஏறிப் பாருங்க'ன்னான். என் காதால கேட்டேன்."

ஐலி இதை என்னிடம் வந்து சொன்னாள். காப்பி ஆறிப்போனது. அதற்குப் பிறகு நான் பலவற்றை யோசித்தேன். மானின் கண்ணில் படாமல் உட்கார அவன் என் இடத்தில் கட்டியிருந்த மறைவுக் குடிலைக் கொளுத்துவது. அவன் உட்காரும் நேரத்தில் எதிர் மேட்டில் நானும் உட்கார்ந்திருப்பது. இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை. முதலாவதை ஐலியிடம் சொன்னேன்.

"கொளுத்தினா அவன் மத்தியானத்துக்குள்ள புதுசு கட்டிடுவான்," என்றாள். "போடா."

மூன்றாம் வருடக் கோடையில், நான் சரளைக்கல் குழியில் டப்பாக்களை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். குறி பார்த்துச் சுடுவதற்குத் தடை இல்லை, வேட்டைக்குத்தான் தடை. ஐலி சரிவில் இறங்கி வந்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடு."

"எதுக்குக்கா?"

"என் பேர்ல இருக்கறத நான் எடுத்துக்கப் போறேன்."

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் மேலும் சொன்னாள்: "உனக்கு எந்தச் சட்டத்தால செஞ்சானோ அதே சட்டத்தால. ஒரு பொய்யும் வேணாம். நான் உண்மைய மட்டும் சொன்னாப் போதும்."

தோள் கன்றிப்போகும்வரை சுட்டாள். இலை பழுக்கும் காலத்தில் தானே பேருந்தேறிப் பக்கத்து ஊருக்குப் போய், தன் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். வழக்கம்போல ரூடியும் எங்கள் ஊர்க் கடையில் அவள் பெயரில் ஒன்று வாங்கினான். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

பதினைந்தாம் தேதி மதியம், நான் கம்பத்தடியில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் போக எனக்கு உரிமை இல்லை, கயிறு இழுக்க இருந்தது. ஹில்மாவின் டிராக்டர் வந்தது. பின்னால் இணைத்த வண்டியில் ஒரு சின்ன மான், நாலே கிளைக் கொம்பு. அதன் பக்கத்தில் ஐலி, முழங்கைவரை ரத்தம்.

யாரோ சீட்டி அடித்தார்கள். "ஐலி! நிஜமாவேவா?"

"உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பின்னாடி," என்றாள். "ஒரே குண்டு."

வழக்கம்போல டூலி வந்திருந்தார். சீட்டைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார், மானைத் தொங்கவிடச் சொன்னார். நான்தான் இழுத்தேன். கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. வலி நன்றாக இருந்தது.

பிறகு ரூடியின் வண்டி வந்தது. அதில் இரண்டு மான்கள். ஒன்றுக்குப் பத்துக் கிளை, அந்த வருடத்தின் மிகப் பெரிய கொம்பு, என் சதுப்பு ஓரத்து மான். அவன் இறங்கும்போதே கத்தினான்: "இந்தப் பெருசு எங்க வீட்டம்மா சுட்டது! அடுப்படி ஜன்னல்..."

யாரும் சிரிக்கவில்லை. அவன் கண் ஒவ்வொரு முகமாகப் போய்க் கடைசியில் அவளிடம் வந்து நின்றது. அந்த ரத்தத்தை அவன் பார்த்தான்.

டூலி பெரிய மானின் கொம்பில் கட்டியிருந்த சீட்டை எடுத்துப் படித்தார். திரும்பினார். "இதுலயும் உங்க பேர்தான் இருக்கும்மா. இத நீங்க சுட்டீங்களா?"

ரூடி ஓரடி முன்னால் வந்தான். "ஐலி" என்று மெதுவாகச் சொன்னான், அவள் பெயரை அப்போதுதான் கற்றுக்கொண்டவன்போல.

"நான் சுட்டது அதோ தொங்குது சார்," என்றாள். "இத நான் பார்த்ததே இல்ல. போன தடவ நீங்க கேட்டப்ப ஆமான்னு சொன்னேன். அது பொய். இது நிஜம்."

"பொண்டாட்டியாடி நீ?"

"பரண்மேல ஏறிப் பாரு, ரூடி," என்றாள் அவள்.

அடுத்த நவம்பரில் என் தடை முடிந்தது. புது லைசென்ஸை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டு, வெளுக்கும் முன்பே சதுப்பு ஓரம் நடந்தேன். ரூடியால் வர முடியாது, இப்போது தடை அவனுக்கு. இடம் காலியாக இருக்கும். மூன்று வருடம் நான் மனதுக்குள் அசைபோட்ட இடம் அது.

மறைவுக் குடிலுக்குள் ஐலி உட்கார்ந்திருந்தாள். மடியில் துப்பாக்கி.

"வா. காப்பி இருக்கு."

"அக்கா, இது என் இடம்."

"இருந்துச்சு."

"எனக்காகத்தானே அவன்கிட்டருந்து..."

"உனக்காகன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" அவள் குவளையை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு நின்றேன். சதுப்பின் மேல் வெளிச்சம் மெல்ல ஏறியது. அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "குடிச்சுட்டுக் கிளம்பு. மான் வர்ற நேரம்."

ரூடி சிறை போய் வந்தான், துப்பாக்கியை விற்றான், தெற்கே தன் தம்பி வீட்டுக்குப் போனான். அங்கேயே இறந்தான். ஐலி அவனை விவாகரத்து செய்துவிட்டு, பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். முழங்கால் தாங்கும்வரை அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். டூலி ஓய்வுபெற்று மீன் பிடிக்கப் போனார். ஹில்மா போன வசந்தத்தில் போய்ச் சேர்ந்தாள். சதுப்பு ஓரத்துத் தேவதாருக்களை மரக் கம்பெனி வெட்டிவிட்டது. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். அங்கே மான் அவ்வளவாக வருவதில்லை.