வலது பக்கத்தில் ஏதோ குறை

ஹெட்போன் வாங்கக் கிளம்பும்போதும் அவர் சட்டைப் பையில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டார். அதில் அளக்க என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். பழக்கம் என்றார். நிலம் அளக்கும் சர்வேயருக்கு டேப் இல்லாமல் தெருவில் இறங்குவது செருப்பில்லாமல் இறங்குவது மாதிரி. வீட்டுக்குள்ளும் அவர் அதைச் சும்மா விட்டதில்லை. ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்களும் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எவ்வளவு உள்பக்கம் திரும்ப வேண்டும், எதிரே தன் நாற்காலியின் கால்கள் எங்கே ஊன்ற வேண்டும் என்றெல்லாம் அளந்து தரையில் வெள்ளை ஒட்டுநாடாவால் குறித்து வைத்திருந்தார். பெருக்கும்போது நாற்காலி ஒரு விரல்கடை நகர்ந்திருந்தாலும் உட்கார்ந்ததுமே தெரிந்துவிடும் அவருக்கு. பாடகி நடுவில் இல்லை, யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்பார். யாரோ என்பது வீட்டில் ஒரே ஒருத்திதான்.

ஆடியோ பித்துப் பிடித்த அவருடைய சிநேகிதர்கள் வட்டத்தில் அவருக்குப் பெயர் 'காது'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை. ஒருவர் புது ஆம்ப்ளிபயர் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே காதுக்குப் போன் போகும். இரண்டு ஒயர்களில் எது உசத்தி என்று சண்டை வந்தால் காதிடம் கொண்டுபோவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கீழ்க்கட்டை கொஞ்சம் வீங்கியிருக்கு என்றோ, பாடறவங்க பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கு என்றோ ஒரு வரி சொல்வார். அதற்கு அப்பீல் கிடையாது. ஆபீசில் அவர் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தக் காதுக்கு இரண்டு வருஷமாக ஒரு குறைச்சல். நடுவில் நின்று பாட வேண்டிய பாடகி இடது பக்கம் ஒதுங்க ஆரம்பித்திருந்தாள். வலது பக்கம் சத்தம் சோர்ந்து வந்தது. அவர் பதறவில்லை. முறைப்படி போனார். முதலில் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டார். குறை ஆம்ப்ளிபயரில் இருந்தால் பாடகி வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினார். அப்போதும் அவள் இடது பக்கமே நின்றாள். கருவிகளில் குறை இல்லையென்றால் மிச்சம் இருப்பது அறைதான். அறையில் வலது பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஜன்னல் இருந்தது. ஜன்னலோரம் மனைவியின் தையல் மிஷின் இருந்தது. அதைச் சுற்றித் துணிக் குவியல்கள், மேலே தொங்கும் தைத்த உடுப்புகள். துணி சத்தத்தைக் குடிக்கும் என்பது இந்தத் துறையில் பாலபாடம்.

அவள் அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவள். பாதி நாளுக்கு மேல் மிஷினில்தான் இருப்பாள். சண்டை வரும் என்று அவர் தயாராகத்தான் விஷயத்தை எடுத்தார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் நூல்கண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். அவருக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. மிஷின் போன பிறகும் பாடகி முழுசாக நடுவுக்கு வரவில்லை. அவர் வலது ஸ்பீக்கரைச் சற்று முன்னால் இழுத்து, அதன் சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்துச் சரிக்கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட சிநேகிதர் ஒருவர், அச்சகக்காரர், வலது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கோ என்று இழுத்தார். உனக்குக் காது பழகணும் என்று இவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

பின்னறையில் பகலிலேயே ட்யூப்லைட் போட வேண்டும். அந்த வெளிச்சத்தில் ஊசியின் காதில் நூல் கோக்க அவள் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் போராடினாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் எடுத்து வைத்துவிட்டுக் காலையில் வாசலுக்குக் கொண்டுபோய்த் தைத்தாள். போன வாரம்தான் வாயைத் திறந்து, அதுவும் அவர் எதிரில் வந்து நின்று கேட்டாள். "எனக்கு ஜன்னல் வேணும். உங்களுக்குப் பாட்டு வேணும். ரெண்டும் ஒரே ரூம்ல ஆகாதுன்னா நீங்க காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க."

ஹெட்போன் என்றால் அவருக்கு இளப்பம். பஸ்ஸில் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது. பாட்டைக் கேட்பதல்ல, பாட்டை ஊசி போட்டு ஏற்றிக்கொள்வது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாங்குவது என்று ஆனபின் வாங்குவதை ஒழுங்காக வாங்க வேண்டுமே. ராத்திரி பகலாகப் படித்தார். காதை முழுசாக மூடும் ரகம், பின்பக்கம் வலை வைத்துத் திறந்திருக்கும் ரகம் என்று இரண்டு இருப்பதைத் தெரிந்துகொண்டார். திறந்த ரகத்தில் பாட்டு காற்றோட்டமாக இருக்குமாம், ஆனால் வெளிச்சத்தமும் உள்ளே வருமாம். பக்கத்தில் மிஷின் ஓடப்போகிறது. ஆகவே மூடிய ரகம், அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனார்.

கடைக்கு மேல்மாடியில் கேட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன அறை. ஒரு சோபா, ஒரு மேஜை, சுவரில் வரிசையாக மாட்டிய ஹெட்போன்கள். கடைப் பெண் அவர் சொன்னதைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தன் பிளேயரை இணைத்து, எப்போதும் சோதனைக்கு வைத்துக்கொள்ளும் பாட்டைப் போட்டார். ஒரு பெண் குரலும் ஒரு கிதாரும் மட்டும். கண்ணை மூடினார். பாடகி நடுவில் இல்லை. இடது காதோரம் நின்று பாடினாள்.

இந்தப் பீஸில் வலது பக்கம் குறை என்றார். அவள் வேறொன்று கொண்டுவந்தாள். அதிலும் குறை. ஆம்ப்ளிபயரை மாற்றச் சொன்னார். மாற்றினாள். இன்னொரு கம்பெனி ஹெட்போனைக் கேட்டார். அதையும் மாட்டிப் பார்த்துவிட்டு, எல்லாத்தையும் டெமோவுக்குப் போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கீங்க என்று சலித்துக்கொண்டார். அந்தப் பெண் தானும் மாட்டிப் பார்த்தாள், தனக்கு நடுவில்தான் கேட்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. "இரும்மா, நான் காட்டறேன்" என்றார்.

இது ஒயரை இடம் மாற்றிப் போடுவது மாதிரிதான், இன்னும் சுலபம். ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும். வலது கிண்ணத்தில் குறை இருந்தால் அது இப்போது இடது காதில் தெரிய வேண்டும். பாடகி வலது பக்கம் தாவ வேண்டும். கிதார் பக்கம் மாறியது. பாடகி அசையவில்லை.

அவர் மறுபடி திருப்பினார். மறுபடியும் திருப்பினார். வீட்டில் இதே முறையில் இதே முடிவுக்கு வந்தபோது, கருவியில் இல்லை, ஆகவே அறையில் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். இங்கே அறை கிடையாது. சுவர் இல்லை, மூலை இல்லை, துணிக் குவியல் இல்லை. கருவியையும் அறையையும் கழித்தால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். இத்தனை வருஷக் கணக்கில் அவர் ஒரு தடவைகூட எடுத்துக்கொள்ளாதது அது ஒன்றைத்தான். அச்சகக்காரர் இழுத்து இழுத்துச் சொன்னது ஞாபகம் வந்தது. தான் போனை எப்போது பார்த்தாலும் இடது காதில் வைத்திருப்பது ஞாபகம் வந்தது.

"இப்ப எந்தப் பக்கம் சார் கேக்குது?" என்றாள் கடைப் பெண்.

"சரியா இருக்கு" என்றார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் கேட்டார். "எதைப் போட்டா பக்கத்துல ஒருத்தர் பேசறது கேக்கும்?"

"வெளிய பேசறது கேக்கக் கூடாதுன்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க" என்றாள் அவள். சுவரிலிருந்து வலை வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு, ஏதாவது பேசும்மா என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் கியாரண்டி விவரத்தைச் சொன்னாள். பாட்டுக்கு நடுவே அது தெளிவாகக் கேட்டது, இடது பக்கத்தில். அதையே கட்டச் சொன்னார். சின்ன ஆம்ப்ளிபயர் பற்றி அவர் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே என்று அவள் ஒருமாதிரி பார்த்தாள். பிறகு மறுபக்கத்தைப் பிடித்தாள். இரும்புக் கால் தரையில் உரச உரச ஹாலுக்குக் கொண்டுவந்து பழைய இடத்தில் ஜன்னலோரம் போட்டார்கள்.

"ரூம்ல குறை இல்ல" என்றார்.

"பின்ன?"

அவர் வலது காதைத் தொட்டுக் காட்டினார். வலிக்கிறது என்கிறாரோ என்று அவள் கிட்டே வந்து பார்த்தாள். கடையில் நடந்ததை அவர் சொன்னார். சர்வே ரிப்போர்ட் படிக்கிற குரலில் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டாள். மிஷினை மாற்றச் சொன்னதற்கும் முன்னாலிருந்தே இருக்கும் என்றார். அவள் ஸ்டூலை மிஷினுக்கு முன்னால் இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அக்கா கடை போட்டப்ப நானும் சேர்ந்துக்கட்டுமான்னு உங்களக் கேட்டேன். இதே இடத்துல, உங்க வலது பக்கம், இதே ஸ்டூல்ல உக்காந்துதான் கேட்டேன். பாட்டு முடியட்டும்னு காத்திருந்து கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த பாட்டப் போட்டீங்க."

அவள் அக்காவின் தையல் கடை இப்போது பெரிய தெருவில் போர்டு போட்டு ஓஹோவென்று நடக்கிறது. கூட்டுக்கு வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். இவ்வளவு கெட்டிக்காரியான தன் மனைவி ஏன் அதில் சேரவில்லை என்று அவருக்கு அப்போதே தோன்றியதுண்டு. இவளுக்குத் துணிச்சல் பத்தாது என்று அச்சகக்காரரிடம் சொல்லியும் இருக்கிறார். அவளோ, இந்த மனுஷன் நான் சொல்வது எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பேச வேண்டியதை எல்லாம் குறைத்துக்கொண்டுவிட்டாள். பின்னறைக்குப் போகச் சொன்னபோது சண்டை போடாமல் போனதும் அதனால்தான். இதை அவள் சொல்லச் சொல்ல அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"இப்ப கேளு, நான் சொல்றேன்" என்றார்.

"இப்ப கேட்டு என்ன ஆகப்போகுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் முதலில் காது டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றாள். எழுந்து போய்த் துணியை எடுத்து வந்து ஊசியில் நூல் கோத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மிஷின் வலது பக்கம் ஓடியது. எழுந்தார். நாற்காலியைத் தூக்கி, தரையில் ஒட்டிய குறிகளை விட்டு வெளியே எடுத்து, அப்படியே திருப்பிப் போட்டார். இப்போது ஸ்பீக்கர்கள் இரண்டும் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தன. எதிரே வெறும் சுவர். ஜன்னலும் மிஷினும் இடது பக்கம் வந்துவிட்டன. டேப் பைக்குள்ளேயே இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. "அந்தக் கத்தரிக்கோல எடுத்துத் தாங்க" என்றாள் அவள். தலையைத் தூக்காமல், துணியிடம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள்.

அவர் எழுந்து பின்னறைக்குப் போய்ப் பெரிய கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அப்போதுதான் பார்த்தார். மிஷினின் கழுத்தில், எப்போதும் போல, கயிறு கட்டிய சின்னக் கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பெரியதை வாங்கி, எதையும் வெட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு மேலே தைக்க ஆரம்பித்தாள்.