தேக்கின் பன்னிரண்டு வளையங்கள்

தேவதானப்பட்டி சுந்தர்ராஜின் தேக்குத் தோப்பை அளக்க ஆள் வேண்டும் என்று 2009 ஜூனில், மரங்களை அளந்து கொடுக்கும் தன் அலுவலகத்தில் கேட்டபோது, முனீஸ்வரி முதல் ஆளாகக் கை தூக்கினாள். அந்தத் தோப்புக்குக் காவல்காரராக இருந்தவர் அவளுடைய அப்பா ஒச்சாண்டி. 1997இல் பதினோரு மரத்தைத் திருடி விற்றதாகச் சுந்தர்ராஜ் கொடுத்த புகாரில் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்த பிறகு ஊரில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. குடும்பம் அல்லிநகரத்துக்கு வந்தது. திருடன் என்ற பெயரோடேயே செத்துப்போனார்.

சுந்தர்ராஜுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரித்தார். வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்று, தான் விடும் புகைக்கு ஈடாக இந்தத் தோப்பைக் காட்டப் போகிறது; மரங்களில் இருக்கும் கார்பனுக்குத் தக்கபடி அவருக்குப் பணம் தரும். மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் வைத்துக் கட்டையின் எடையைக் கணிக்கலாம். காய்ந்த கட்டையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஆனால் இருபது வருடமாவது வெட்டுப்படாத தோப்பாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

"எல்லாம் எண்பத்தி நாலுல நட்டதும்மா. பதினோரு மரத்த மட்டும் ஒரு களவாணிப்பய வெட்டிப்புட்டான். மத்ததுல ஒரு கிளைகூட ஒடிச்சதில்ல," என்றார்.

முனீஸ்வரி அளக்கும் டேப்பை எடுத்தாள். அதை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு மரத்தையும் கணக்கில் இளைக்க வைத்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் பொய் எழுதி ஜெயித்தால் அந்த ஆளுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றவே, சரியாகவே அளந்தாள்.

மத்தியானம் மரத்தைத் துளைக்கும் கருவியைத் திருகி, பென்சில் கனத்தில் ஒரு குச்சியை உருவினாள். வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழும் வளையங்களை எண்ணினாள். ஏறக்குறைய இருபத்தைந்து இருக்க வேண்டும். பன்னிரண்டு. தன் கண்ணை நம்பாமல் உடன் வந்த ஞானதுரையை எண்ணச் சொன்னாள். அவனும் பன்னிரண்டு என்றான். தோப்பின் நானூறு மரங்களில் நாற்பதில் எடுத்துப் பார்த்தார்கள்; எல்லாவற்றிலும் அதே பன்னிரண்டு. எந்த மரத்தடியில் மண்ணைத் தள்ளிப் பார்த்தாலும் பழைய வெட்டுக்கட்டைகள். அவற்றில் துளிர்த்து வளர்ந்த மரங்கள்தான் இவை.

வனத்துறை அனுமதியில்லாமல் தன் தோப்பையே வெட்டி விற்றவன், பிடிபட்ட பதினோரு தடிகளுக்கு அப்பாவை மாட்டிவிட்டிருக்கிறான்.

"நானூறு மரமும் தொண்ணூத்தேழுலதான் வெட்டுப்பட்டிருக்கு. அம்புட்டையும் அந்தக் களவாணி ஒத்தையாவா வெட்டுனாரு?" என்றாள் முனீஸ்வரி.

சுந்தர்ராஜின் முகம் வெளுத்தது. "நீ யாரு?"

"ஒச்சாண்டி மக."

"கருவி ரிப்பேருன்னு எழுதிரும்மா. நீ என்ன கேட்டாலும் செய்றேன்."

"செய்வீக. எங்கப்பாவுக்கும் செஞ்சீகல்ல?"

முனீஸ்வரியும் ஞானதுரையும் கையெழுத்திட்ட அறிக்கை வனத்துறைக்கும் போனது. தொழிற்சாலை விலகிக்கொண்டது. பழைய வழக்கைத் தூசி தட்டி, இந்த முறை சுந்தர்ராஜின் பெயரில் எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து அவர் அல்லிநகரம் வந்தார். முனீஸ்வரியின் அம்மா ராமுத்தாய் வாசலிலேயே மறித்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிச்சிருங்க ஆத்தா. நாந்தான் வெட்டுனேன். வழக்க மட்டும்..."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எம்புருசனத் திருடன்னு நீ யார்கிட்டெல்லாம் சொன்னியோ, அவுககிட்டப் போயிச் சொல்லு. அப்பவும் வழக்கு நடக்கத்தான் செய்யும்."

யார் யாரென்று முனீஸ்வரியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். முப்பத்தோரு பெயர்கள். மறுநாள் காலையில் தேவதானப்பட்டி டீக்கடையில் அந்தத் தாளோடு, முதல் பெயருக்கு உரியவர் முன்னால் சுந்தர்ராஜ் நின்றதை ஞானதுரை பார்த்தான்.