குடகுக்குப் போன தெருப்படம்

2007 ஜூலையில் சிவகாசியில் ஒரு சொட்டு மழை இல்லை. பத்து வயது ஹர்ஷினி மொட்டைமாடியில் மழை அளக்க வைத்திருந்த பாட்டிலைத் தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்துவிட்டு நோட்டில் பூஜ்யம் எழுதினாள். மொத்தம் முப்பத்தொரு பூஜ்யம். அந்தத் தாளைக் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்த பிட்டப்பா, தேச்சம்மா என்ற அண்ணன் தங்கைக்கு அனுப்பினாள். அவர்கள் அனுப்பிய ஜூலைக் கணக்கில் பூஜ்யமே கிடையாது. தாளில் பூஞ்சை வாடை அடித்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: ‘அட்டவணையை நிரப்ப மறந்துவிட்டாயா?’

ஹர்ஷினியின் அம்மா பொன்னுத்தங்கம் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். அவள் புவியியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு வேலையே இல்லாமல் கிடந்தது. மூன்றாம் வகுப்பில் டைபாய்டு வந்து மகள் நாலு மாதம் வீட்டில் கிடந்தபோது பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். காய்ச்சல் போய் இரண்டு வருடமாகியும் ஹர்ஷினி பள்ளிக்கூடம் திரும்பவில்லை. இப்படி வீட்டிலேயே பாடம் நடத்தும் குடும்பங்களுக்கென்று பெங்களூரிலிருந்து மாதாமாதம் ஒரு மடல் வரும். எந்த ஊரில் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் எழுதலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். குடகுக் குடும்பம் அப்படிக் கிடைத்ததுதான். மண், இலை, பஸ் டிக்கெட், மழைக்கணக்கு என்று மாறி மாறி அனுப்பிக்கொண்டார்கள்.

ஆகஸ்டு மாதத்துக்கு மடல் கொடுத்த வேலை தெருப்படம். வீட்டைச் சுற்றி அரை கிலோமீட்டர். நடந்து பார்த்ததை மட்டும் வரைய வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண், அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வரி. இரண்டு குடும்பமும் படங்களை மாற்றிக்கொண்டு, நல்லதைப் பெங்களூருக்கு அனுப்பினால் மடலில் அச்சிடுவார்கள்.

ஹர்ஷினி ஒரு வாரம் மாரித்தாயோடு சுற்றினாள். மாரித்தாய் பின்தெருவில் லைன் வீட்டில் இருப்பவள். ஹர்ஷினியின் அப்பா மகேஷ்குமாருக்குப் பட்டாசுத் தொழில்; பகலில் அவனிடம் வேலை. சாயங்காலம் இவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். படம் முடிந்ததும் எழுத்துப்பிழை பார்க்க பொன்னுத்தங்கம் உட்கார்ந்தாள். ஒன்று, எங்கள் வீடு. நாலு, அட்டைப்பெட்டி ஒட்டும் இடம். ஒன்பது, ஆப்செட் பிரஸ். பதினாலுக்கு வந்ததும் அவள் கை நின்றது.

‘14. பழைய காலண்டர் குடோன். கருந்திரி செய்கிறார்கள். ஆறு பேர். எனக்கு ஸ்டூல் போட்டார்கள்.’

கருந்திரி என்பது வெடிமருந்து தோய்த்த நூல். பட்டாசுக்குள் நெருப்பைக் கொண்டுபோவது அதுதான். லைசென்ஸ் உள்ள இடத்தில், தனித்தனி அறையில் வைத்துச் செய்ய வேண்டியது. அந்தக் குடோனில் காகிதக்கட்டு அடுக்கியிருக்கிறது என்றுதான் பொன்னுத்தங்கம் இதுவரை நினைத்திருந்தாள்.

“எம்புட்டு நேரம் அங்கன இருந்த?”

“ஒரு மணி நேரம் இருக்கும். எப்படிச் சுத்துறதுன்னு மாரியக்கா காட்டுனாங்க.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அப்பா வாசல்லதான் நின்னு போன் பேசிட்டு இருந்தாங்க. என்னையப் பாக்கலை.”

மத்தியானம் மகேஷ்குமார் சாப்பிட வந்தபோது கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

“வெளிய திரிக்கு ஆர்டர் போட்டா வரிசையில நிக்கணும். சீசன் முடியுற வரைக்குந்தான்.”

“எத்தனை வருசமா?”

“மூணு வருசமா ஒண்ணும் ஆகலை. நீ சோத்தப் போடு.”

அவள் சோற்றைப் போட்டாள். அவன் போன பிறகு மாடிக்குப் போய் நின்றாள். நாலு வீடு தள்ளிக் குடோனின் தகரக்கூரை வெயிலில் மின்னியது. அதை ஒட்டி வரிசையாக லைன் வீடுகள், கொடியில் யாருடைய பாவாடையோ காய்ந்தது.

“பதினாலை அழிச்சிரவாம்மா?” என்று ஹர்ஷினி பின்னாலிருந்து கேட்டாள்.

“நீ பாத்ததானே?”

“பாத்தேன்.”

“அப்ப இருக்கட்டும்.”

மறுநாள் காலை இருவரும் போய்ப் படத்தை ரிஜிஸ்தர் தபாலில் குடகுக்கு அனுப்பிவிட்டு வந்தார்கள். மத்தியானம் மகேஷ்குமார் கண்ணில் பென்சிலில் போட்ட முதல் படம் பட்டது. சாப்பாட்டு மேசையில் கிடந்ததை எடுத்துப் பார்த்தான். ஹர்ஷினி பெருமையாக ஒவ்வொரு எண்ணாக விளக்கினாள். பதினாலு வந்ததும் அவன் மகளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தான்.

“மடல்ல போடுவாங்கங்கிறாளே, அது எத்தனை பேருக்குப் போவும்?”

“இருநூறு குடும்பம் இருக்கும்.”

“அதுல ஒருத்தன் பெரிய ஆபீசரா இருந்தான்னா? தெருப் பேரு, வீட்டு நம்பர் எல்லாம் போட்டு வச்சிருக்கா.” அவன் குரலை உயர்த்தவே இல்லை. “லோடு ஏறிக்கிட்டு இருக்கு, என்னால நகர முடியாது. நீ போயி அந்தக் கவரத் திருப்பி வாங்கிட்டு வா.”

ஹர்ஷினியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனாள். மணி மூன்றேகால். தபால் பையை நாலு மணிக்குத்தான் கட்டுவார்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். அனுப்பினவரே கேட்டால் கொடுக்கலாம், இந்தப் பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மேசையில் பழுப்புக் கவர் தெரிந்தது. ஹர்ஷினியின் உருண்டையான எழுத்து.

பொன்னுத்தங்கம் பேனாவைத் திறந்தாள். பெயர் எழுதினாள். முகவரியில் தெருப்பெயர் வந்ததும் பேனா மேலே ஓடவில்லை. கவர் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். இந்த சீசன் முடியும், அடுத்த சீசன் வரும். மாரித்தாயும் மற்றவர்களும் அதே தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். மகேஷ்குமார் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதும் அவள் மனதில் வந்து போனது.

“வேண்டாம்மா,” என்று பாரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “பின்கோடு தப்பா எழுதிட்டனோன்னுதான் கேட்டேன். சரியாத்தான் இருக்கு.”

வீட்டில் வந்து, “பை போயிருச்சு,” என்றாள். ஹர்ஷினி பக்கத்தில்தான் நின்றாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அஞ்சியே பொன்னுத்தங்கம் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பாடம் நடத்தும்போது பாதியில் எழுந்து மாடிக்குப் போவாள். தெருவில் லாரி டயர் வெடித்தாலும், பக்கத்து வீட்டில் சட்டி விழுந்தாலும் வாசலுக்கு ஓடுவாள். மாரித்தாய் பாத்திரம் தேய்க்க வரும்வரை கடிகாரத்தைப் பார்ப்பாள். வந்ததும் அவள் விரல்களைப் பார்ப்பாள். நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். தபால்காரர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். குடோனைக் காலிசெய்யச் சொல்லிக் கணவனிடம் இரண்டு முறை மறுபடி கேட்டாள். தீபாவளி முடியட்டும் என்றே சொன்னான்.

மூன்றாவது வாரம் குடகிலிருந்து கவர் வந்தது. வாசலிலேயே மகேஷ்குமார் வாங்கிப் பிரித்தான். உள்ளே அவர்கள் தெருப்படமும் பிட்டப்பாவின் கடிதமும் இருந்தன. பெங்களூருக்கு அவர்கள் படத்தைத்தான் அனுப்பியிருக்கிறார்களாம், ஹர்ஷினியின் படம் அவர்கள் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். அதைப் படித்ததும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குக் கீழே இருந்தது வேறு.

‘எண் 14-ல் வேலை செய்யும் ஆறு பேரின் வீடுகள்தான் 15 முதல் 20 வரையா? அவ்வளவு பக்கத்திலா? எங்கள் தோட்டத்தில் டீசல் வைக்கும் அறை எண் 9. அதன் பக்கத்தில் நாய்க்குக் கூடு வைக்கக்கூட அப்பா விட மாட்டார். உன்னை உள்ளே விட்டது யார்?’

அவன் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். நாலாம் நாள் குடோன் காலியானது. கதவைத் திறந்து போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

“எடுத்துட்டேன்,” என்றான். “இனிமேயாச்சும் நிம்மதியா இரு.”

அன்று ஒருநாள் நிம்மதியாக இருந்தாள். ஆனால் அன்றும் மறுநாளும் மாரித்தாய் பாத்திரம் தேய்க்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வந்தாள்.

“ஆனக்குட்டம் பக்கம் ஒரு தோட்டத்துல ஷெட்டு போட்டுத் திரி வேலையை அங்க மாத்திட்டாக அக்கா. காலையில ஆறு மணிக்கெல்லாம் ஆட்டோ வந்துருது, திரும்ப இருட்டிப் போவுது. பழைய இடத்துலயாவது ஒரு சன்னல் இருந்துச்சு.”

திங்கட்கிழமை காலை பொன்னுத்தங்கம் ஹர்ஷினியைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அந்த ஆட்டோவில் ஏறினாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஷெட் என்றால் நாலு பக்கமும் தகரம், ஒரு வாசல். வாசலிலிருந்து தள்ளி, நூல் வரிசைகளின் அந்தக் கடைசியில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை. வேர்த்து ஊற்றியது. அவர்களும் முதலில் வேலை செய்யக் கூச்சப்பட்டு, பிறகு செய்ய ஆரம்பித்தார்கள்.

பத்து மணிக்கு மகேஷ்குமார் வந்தான்.

“எந்திரி.”

“இவங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கிறேன்.”

“கிறுக்குப் பிடிச்சிருக்கா?”

“அன்னைக்கு அந்தக் கவர் போஸ்ட் ஆபீசுலதான் இருந்துச்சு. நாந்தான் திருப்பி வாங்கலை.”

அவன் வாசலிலேயே நின்றான். “நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லையா உனக்கு?”

“அப்படி நெனைச்சிருந்தா உங்ககிட்ட வந்து ஏன் மூணு தடவை கேட்டேன்? போலீசுக்குல்ல போயிருப்பேன்.”

அவன் போய்விட்டான். மறுநாளும் அவள் ஆட்டோவில் ஏறினாள். மூன்றாம் நாள் அவனே பின்னால் காரில் வந்து வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். உள்ளே யாராவது நூலை இழுக்கும் சத்தத்துக்கெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மத்தியானம் வரை அப்படி இருந்தவன் சட்டை முழுக்க நனைந்துபோய் எழுந்தான்.

“போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

அந்த வருடம் திரியை வெளியில் வரிசையில் நின்றுதான் வாங்கினான். பாதி ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. பல நாள் மனைவியோடு சரியாகப் பேசவில்லை. ஆறு பேரில் நாலு பேரை அச்சங்குளத்தில் இருந்த தன் லைசென்ஸ் ஃபேக்டரியில் எடுத்துக்கொண்டான். மாரித்தாய்க்கும் இடம் கிடைத்தது. மீதி இருந்த பாலம்மாளுக்கும் சின்னத்தாய்க்கும் வயசாகிவிட்டது, வேலை இல்லை என்று சொல்லிவிட்டான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பத்தாவது வரை படித்த மாரித்தாய், கணக்குப் பாடத்தில் ஹர்ஷினிக்கு ஒரு சந்தேகம் தீர்த்துவிட்டு, காப்பித் தம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றாள். பொன்னுத்தங்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“நல்லதுதான் செஞ்சீக அக்கா,” என்றாள் மாரித்தாய். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீகளே?”

“சொல்லு.”

“நாங்க மூணு வருசம் உக்காந்திருந்தோம். அண்ணாச்சி வாசல்ல நின்னு போன் பேசிட்டுப் போவாக. நீங்க மூணு நாளு உக்காந்தீக, மூடிட்டாக.”

அவள் குரலில் கோபம் இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பொன்னுத்தங்கம் கையில் ஒட்டிய மாவை வழித்துப் போட்டாள். பிறகு, “பாலம்மாளும் சின்னத்தாயும் இப்ப என்ன செய்யுறாக?” என்று கேட்டாள்.

“சும்மாதான் இருக்காக.”

மறுநாள் காலை ஹர்ஷினியையும் கூட்டிக்கொண்டு அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறினாள். மகேஷ்குமார் ஆபீஸ் அறையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டாள். மருந்து இல்லாத வேலை, பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை இருக்கிறதா என்றாள். அவன் ஃபோர்மேனைப் பார்த்தான். ஃபோர்மேன் இருக்கிறது என்றார்.

பாலம்மாள் அந்த வாரமே வேனில் ஏறினாள். சின்னத்தாய் வர மறுத்துவிட்டாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதோடு இனிமேல் பட்டாசு வாடையே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.