ஒரு பிடிக் கட்டை

"அந்தக் கட்டையக் கொஞ்சம் எடுத்துத் தாயேன், மாதிரிக்கு வேணும்" என்று அவன் கேட்டபோது மனைவி அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறை நாள் காலை. கடைசல் பட்டறையில் அவனோடு மெருகு போடுகிறவரின் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அதே போல ஒன்று கடைந்து தரச் சொல்லியிருந்தார். மனைவியின் கைப்பை வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. "இருங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

போன மழைக்காலத்தில் செய்தது அது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாலை முறைக்கு மாற்றிய புதிதில், பஸ் நிறுத்தத்திலிருந்து எவனோ ஒருத்தன் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தான். கேட்டதும் இவனுக்கு ரத்தம் கொதித்தது. மறுநாளே கடைகடையாக ஏறி இறங்கினான். தற்காப்புக்கென்று சாவிக்கொத்தில் மாட்டுகிற அலுமினியக் குச்சிகள் விதவிதமாக இருந்தன. இது வேர்த்தால் வழுக்கும், இது கனம் போதாது, இது அவள் கைக்கு ஒரு நூல் பெரிசு என்று எல்லாவற்றையும் தட்டிக் கழித்தான். நூல் என்பது மரவேலைக்காரர்களின் பொடி அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த வித்தியாசத்துக்கே தூக்கத்தைத் தொலைக்கிற ஆள் என்பதால் பட்டறையில் அவனுக்குப் பெயரே 'ஒருநூல்'.

கடைசியில் தானே கடைந்தான். அவளை ஒரு பென்சிலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, பிடிக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலம் விட்டுக் குறித்துக்கொண்டான். குத்துவதற்கு முனை வேண்டும், ஆனால் எதிராளி பிடித்து இழுக்க இடம் இருக்கக் கூடாது. கொய்யாக் கட்டை, லேசில் வெடிக்காது. விரல்கள் உட்காரப் பள்ளம் எடுத்தான். வார்னிஷ் மட்டும் அடிக்கவில்லை. வெறும் மரம்தான் வேர்வையைக் குடிக்கும், கையை விட்டு நழுவாது.

இதே மேசையில்தான் கற்றுக்கொடுத்தான். தன் கையைக் கவிழ்த்து வைத்து, "எவனாவது பிடிச்சா இங்க, புறங்கை எலும்புல இறக்கு. அடி, பாக்கலாம்" என்றான். அவள் ஓங்குவாள், பாதியில் சிரிப்பு வந்துவிடும். "ஐயோ, போங்க. உங்களப் போய் அடிப்பேனா?"

இப்போது கட்டையைக் கையில் எடுத்தவன் ஜன்னல் பக்கம் திருப்பினான். பள்ளங்களில் வேர்வைக் கறையே இல்லை, அன்று கடைந்தது போல வெளுப்பாக இருந்தன. ஒரு முனை மட்டும் கறுத்திருந்தது. தேய்த்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். அவளுடைய தலையணை உறையில் அடிக்கிற அதே வாசனை.

தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். எந்த நாளிலிருந்து என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் முன்பு, கட்டில் கால்களை ஒரு நூல் குறைத்துக் கடைந்துவிட்டு, முதலாளியிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனைச் சிரிக்க வைக்கத்தான் அவள் கேட்டாள், "என்னது, ஒருநூலுக்கே ஒரு நூல் தப்பிடுச்சா?" என்று. கை நீட்டிவிட்டான். கன்னத்தில் விழுந்த சத்தம் அவனுக்கே யாரோ அடித்தது போலத்தான் கேட்டது. அப்புறம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "சரி, விடுங்க" என்றாள். மறுநாளிலிருந்து எப்போதும் போலச் சிரித்தாள், சண்டை போட்டாள், டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். ஒரே ஒரு தடவைதானே என்று அவனும் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டான். எவ்வளவு சுலபமாகத் தேற்றிக்கொண்டோம் என்பதுதான் இப்போது வெட்கமாக இருந்தது.

"வேலைக்கு இத எடுத்துட்டுப் போறதில்லயா நீ?"

அவள் தேநீரை அவன் முன்னால் வைத்தாள். "எதுக்கு? நாங்க நாலஞ்சு பேரு சேந்துதான் வர்றோம். அந்த ஆளும் அப்புறம் வரவே இல்லயே."

அவன் கறுத்த முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டான். அவள் அதைப் பார்த்தாள்.

"நான் இனிமே..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்ங்க." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். "பகல்ல ஒண்ணும் தோணல. படுத்தாத்தான்." வடிகட்டியை அலசப் போனவள் திரும்பி, "மாதிரி எடுத்துட்டுத் திருப்பித் தந்துடுவீங்கல்ல?" என்றாள்.

மறுநாள் பட்டறையில் புதுக் கட்டையைக் கடைந்து முடித்தான். பழையதை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தால் கறை போய்விடும். தாளை எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டான். அதை அழிக்கத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவள் இன்னும் வந்திருக்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போனான். காலையில் விலக்கிய போர்வை அப்படியே கிடந்தது. அவளுடைய தலையணையைத் தூக்கிக் கட்டையை வைத்தான். எந்தப் பக்கம் வைப்பாள் என்று தெரியவில்லை. எட்ட வேண்டுமே என்ற கவலை வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளுடைய பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடி, வலது கையைத் தலையணைக்கு அடியில் விட்டான். கொஞ்சம் தள்ளி இருந்தது. ஒரு நூல் கிட்டே இழுத்தான். இப்போது விரல்கள் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தன.

அப்படியே கண்ணைத் திறந்து பார்த்தான். ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், தலை பதிந்த குழியோடு, அவனுடைய தலையணை இருந்தது.